தன்னது என்று எழுதிக்காட்டும் புரதம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உயிர்வேதியியல் பற்றிப் பொதுவாகப் பேசும்படி கேட்டிருந்தார்கள். பொதுவாகப் பேசினால் எதுவும் மனத்தில் தங்காது. அதனால் ஒரே ஒரு புரதத்தை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போய்ப் பார்ப்பதென்று முடிவு செய்தேன். அதன் பெயர் ஏடார்1. நம் உடலில் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருக்கிறது. ஆர்என்ஏவில் உள்ள ஓர் எழுத்தை இன்னோர் எழுத்தாக மாற்றுவது அதன் தொழில். தொழில் அவ்வளவுதான். ஆனால் அது குறைந்துபோனால் கைக்குழந்தையின் மூளை சிதைகிறது. மிகுந்துபோனால் புற்றுக்கட்டி உடலின் எதிர்ப்பில் சிக்காமல் வளர்கிறது. இந்த இரண்டும் ஒரே காரியத்தின் இரு விளைவுகள் என்பதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

பள்ளியில் நாம் படித்தது நினைவிருக்கும். டிஎன்ஏ ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படுகிறது. ஆர்என்ஏவைப் பார்த்துப் புரதம் கட்டப்படுகிறது. மூலத்தில் இருப்பதுதான் படியிலும் இருக்கும் என்பது அந்தப் பாடத்தில் சொல்லாமலே அடங்கியிருந்தது. உண்மையில், படி வெளிவரத் தொடங்கியதுமே செல் அதில் கைவைக்கத் தொடங்கிவிடுகிறது. ஆர்என்ஏவின் எழுத்துகளில் இதுவரை கண்டறியப்பட்ட வேதி மாற்றங்கள் 170-க்கு மேல். பெரும்பாலானவை எழுத்தின் மேல் ஒரு சிறு அடையாளம் இடுவதோடு நின்றுவிடும். ஏடார் அதோடு நிற்பதில்லை. அடினோசின் என்ற எழுத்தை இனோசின் என்ற வேறோர் எழுத்தாகவே ஆக்கிவிடுகிறது.

இது வெளியே தெரியவந்ததே ஒரு தோல்வியால்தான். 1980-களில், ஒரு மரபணுவின் ஆர்என்ஏவுக்கு எதிரிணையான ஆர்என்ஏவைச் செல்லுக்குள் செலுத்தினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு அந்த மரபணு அடங்கிவிடும் என்று பலரும் முயன்றுகொண்டிருந்தார்கள். ஆப்பிரிக்க நகத்தவளையின் முதிராத முட்டையில் அது பலித்தது. கருவில் பலிக்கவில்லை. சியாட்டிலில் பிரெண்டா பாஸும் ஹரோல்ட் வெயின்ட்ராபும், ஹார்வர்டில் மைக்கேல் ரெபாக்லியாட்டியும் டக்ளஸ் மெல்டனும், ஏன் பலிக்கவில்லை என்ற கேள்வியின் பின்னால் போனார்கள். ஒட்டிய இரண்டு இழைகளையும் பிரித்துவிடும் ஏதோ ஒன்று தவளைக் கருவில் இருக்கிறது என்று 1987-ல் இரு குழுக்களும் எழுதின. பிரித்துவிடுவது மட்டுமாக இருந்தால் பிரிந்த இழைகளை மீண்டும் ஒட்டவைக்க முடிய வேண்டும். எவ்வளவு முயன்றும் அவை பழையபடி ஒட்டவில்லை. மறு ஆண்டு பாஸும் வெயின்ட்ராபும் காரணத்தைக் கண்டார்கள்: இழைகள் பிரிந்ததோடு நிற்கவில்லை, அவற்றின் அடினோசின்கள் இனோசின்களாக மாறிப்போயிருந்தன. சோதனை பலிக்கவில்லை என்று அந்தக் குறிப்பேட்டை மூடிவைத்திருந்தால் இந்தத் துறை இன்னும் பல ஆண்டுகள் தாமதமாகப் பிறந்திருக்கும். முனைவர் பட்ட ஆய்வில் இருக்கும் மாணவர்கள் இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

அந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பதைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். ஏடார் தனி இழை ஆர்என்ஏவைத் தேடுவதில்லை. இரண்டு இழைகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் வந்து உட்காரும். அங்கே, இரு இழைகளுக்கும் நடுவே உள்நோக்கி அடங்கியிருக்கும் ஓர் அடினோசினை முறுக்கிலிருந்து வெளியே புரட்டி, தன் குழிக்குள் இழுத்துக்கொள்கிறது. குழியின் அடியில் ஒரு துத்தநாக அயனி. அது ஒரு நீர் மூலக்கூறைப் பிடித்துவைத்திருக்கிறது. அந்த நீர், அடினோசினில் அமினோ தொகுதியைத் தாங்கும் ஆறாவது இடத்துக் கார்பனைத் தாக்குகிறது. அமினோ தொகுதி அம்மோனியாவாகக் கழன்றுபோக, அங்கே ஆக்சிஜன் வந்து அமர்கிறது. எழுத்து மீண்டும் தன் இடத்துக்குத் திரும்பும்போது அது இனோசின்.

இதில் இரண்டு விளைவுகள். முதலாவது, இனோசின் சைட்டோசினோடு இணைசேரும் என்பதால் செல் அதைக் குவானோசின் என்றே படிக்கிறது. ஆகவே புரதத்தின் எழுத்தே மாறலாம். இரண்டாவது, அடினோசினும் யுராசிலும் இறுக்கமாகச் சேர்ந்திருந்த இடத்தில் இப்போது இனோசினும் யுராசிலும் இருக்கின்றன. அந்தப் பிடி தளர்வானது. நேராக இருந்த இரட்டை இழையில் அங்கங்கே புடைப்பு விழுகிறது. முதல் விளைவைத்தான் விஞ்ஞானிகள் நெடுநாள் கொண்டாடினார்கள். மனித உயிரைக் காப்பது பெரும்பாலும் இரண்டாவது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

முதல் விளைவின் மிகத் தெளிவான உதாரணம் மூளையில் இருக்கிறது. நரம்புச் செல்களின் மேல் குளூட்டமேட்டை ஏற்கும் வாயில்கள் உள்ளன. அவற்றின் ஓர் உறுப்பு குளூஏ2. அதன் மரபணுவில் ஓரிடத்தில் குளூட்டமினுக்கான குறி இருக்கிறது. மூளையிலிருந்து ஆர்என்ஏவை எடுத்துப் படித்தால் அதே இடத்தில் ஆர்ஜினினுக்கான குறி இருக்கிறது. ஹைடல்பர்க்கில் பீட்டர் சீபர்க்கின் குழு 1991-ல் இதை வெளியிட்டது. வரிசைமுறை வரைபடத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் காட்சி பிடிக்கும். டிஎன்ஏவைப் படித்த தாளில் அந்த இடத்தில் அடினைனைக் காட்டும் பச்சை முகடு. அதே மூளையின் ஆர்என்ஏவிலிருந்து எடுத்த தாளில், முன்னும் பின்னும் எல்லா முகடுகளும் அப்படியே இருக்க, அந்த ஒரே இடத்தில் மட்டும் குவானைனின் கறுப்பு முகடு. பச்சை ஏறக்குறைய முழுதாகவே மறைந்திருக்கும். நூற்றுக்கு நூறு என்று சொல்லத்தக்க அளவுக்கு அந்த எழுத்து திருத்தப்படுகிறது.

அந்த ஓர் ஆர்ஜினின் கால்சியம் உள்ளே நுழைவதைத் தடுக்கிறது. இந்தத் திருத்தத்தைச் செய்வது ஏடார்1-இன் உடன்பிறப்பான ஏடார்2. அதை நீக்கிய சுண்டெலிகள் வலிப்பு வந்து, பிறந்த மூன்று வாரத்துக்குள் இறந்துபோயின. அதே சுண்டெலிகளின் டிஎன்ஏவிலேயே அந்த ஒற்றை எழுத்தை முன்கூட்டி மாற்றிவைத்தபோது, ஏடார்2 இல்லாமலே அவை பிழைத்துக்கொண்டன. 2000-ஆம் ஆண்டில் வந்த அந்தக் கட்டுரை மரபியல் சோதனை எப்படி அமைய வேண்டும் என்பதற்கு நான் மாணவர்களுக்கு எடுத்துக்காட்டும் ஒன்று. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ஜப்பானிய ஆய்வாளர்கள், ஏஎல்எஸ் என்ற இயக்க நரம்பு நோயால் இறந்தவர்களின் தண்டுவடத்தில் தனித்தனி இயக்க நரம்புச் செல்களை எடுத்து ஆராய்ந்தார்கள். குடும்ப வழி வராத வகை நோயாளிகளின் பல செல்களில் இந்தத் திருத்தம் குறைவுபட்டிருந்தது.

கணவாய், ஆக்டோபஸ் போன்றவை இந்த வகைத் திருத்தத்தை நம்மைவிடப் பலமடங்கு தாராளமாகப் பயன்படுத்துகின்றன. நீர் குளிர்ந்தால் ஆக்டோபஸின் நரம்புகளில் ஆயிரக்கணக்கான இடங்களில் எழுத்துகள் மாறுகின்றன. மிக அழகான உயிரியல் அது. அதற்கே ஒரு தனிச் சொற்பொழிவு வேண்டும் என்பதால் இங்கே தொட்டுவிட்டுப் போகிறேன்.

மனிதனிடம் வருவோம். ஒரு சங்கடமான கணக்கு நெடுநாள் இருந்தது. புரதத்தின் எழுத்தை மாற்றும் முக்கியமான திருத்தங்கள் மனிதனில் கொஞ்சம்தான். ஆனால் திருத்தம் நடக்கும் இடங்களை எண்ணப்போனால் அவை பத்துக் கோடியைத் தாண்டுகின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை புரதமாகவே ஆகாத பகுதிகளில் கிடக்கின்றன. இத்தனை இடங்களில், எதற்காக?

அந்த இடங்களில் ஏறக்குறைய எல்லாமே அலு எனப்படும் தொடர்களில் இருக்கின்றன. அலு என்பது சுமார் 300 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு. குரங்கினத்தின் பரிணாமத்தில் அது தன்னைத் தானே படியெடுத்துப் படியெடுத்து நம் மரபுத்தொகுதிக்குள் செருகிக்கொண்டே வந்தது. இன்று நம் ஒவ்வொருவரிடமும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட அலுக்கள் உள்ளன. நம் டிஎன்ஏவில் பத்தில் ஒரு பங்கு அதுதான். புரதங்களைக் குறிக்கும் பகுதி இரண்டு விழுக்காடுகூட இல்லை என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே மரபணுவுக்குள் ஓர் அலு நேராகவும் இன்னொன்று எதிர்த்திசையிலும் செருகப்பட்டிருந்தால், அந்த மரபணுவின் ஆர்என்ஏவில் இரண்டும் கும்பிடும் கைகளைப்போல ஒன்றோடொன்று பொருந்திக்கொள்ளும். அப்போது உருவாவது நீண்ட இரட்டை இழை ஆர்என்ஏ.

இங்கேதான் ஆபத்து. பல வைரஸ்கள் பெருகும்போது நீண்ட இரட்டை இழை ஆர்என்ஏ உண்டாகிறது. அதைக் கண்டுபிடிக்கவே நம் செல்களில் எம்டிஏ5 என்ற உணரி இருக்கிறது. இரட்டை இழையைக் கண்டால் எம்டிஏ5 அதன்மேல் வரிசையாக அடுக்கி நீண்டுகொண்டே போகும். போதுமான நீளம் கிடைத்ததும் இன்டர்பெரானைச் சுரக்கச் சொல்லிச் செய்தி போகும். 1957-ல் ஐசக்ஸும் லிண்டன்மானும் கண்டுபிடித்த அதே இன்டர்பெரான். அது வைரஸுக்கு எதிராக அக்கம்பக்கத்துச் செல்களையெல்லாம் உஷார்ப்படுத்தும் பொருள். எம்டிஏ5-க்குக் கண்ணில் படுவது வடிவம் மட்டும்தான். இது வைரஸின் ஆர்என்ஏவா, என் சொந்த அலுவா என்று கேட்டுப் பார்க்க அதனிடம் வழியில்லை.

ஏடார்1 இல்லாமல் செய்த சுண்டெலிக் கருக்கள் கர்ப்பத்தின் 12-ஆம் நாள்வாக்கில் இறந்துபோகின்றன என்று 2004-ல் இரு குழுக்கள் காட்டின. ஈரல் சிதைந்திருந்தது, இரத்தம் உருவாகவில்லை. ஏன் என்பது விளங்கவில்லை. 2009-ல் அந்தக் கருக்களின் செல்களில் இன்டர்பெரானால் தூண்டப்படும் மரபணுக்களெல்லாம் உச்சத்தில் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. வைரஸ் எதுவும் இல்லை. இல்லாத வைரஸை எதிர்த்துக் கரு தன்னையே அழித்துக்கொண்டிருந்தது.

இந்த ஆய்வகச் செய்தி ஒருபுறம் இருக்க, மருத்துவமனை வார்டுகளில் வேறொரு கதை முன்பே தொடங்கியிருந்தது. 1984-ல் பாரிஸில் குழந்தை நரம்பியல் மருத்துவர்கள் ழான் ஐகார்டியும் பிரான்சுவாஸ் கூத்தியேரும் எட்டுக் குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். சில மாதங்களிலேயே எரிச்சலும் விளங்காத காய்ச்சலும் தொடங்கி, கற்ற அசைவுகளை இழந்து, தலை வளர்ச்சி நின்றுபோன குழந்தைகள். மூளையின் ஆழத்தில் அசைவுகளைச் சீர்செய்யும் பகுதிகளில் சுண்ணாம்பு படிந்திருந்தது. மூளைத்தண்டுவட நீரில் வெள்ளணுக்கள் மிகுந்திருந்தன. பார்த்தவுடன் எந்த மருத்துவருக்கும் தோன்றுவது, தாயின் வயிற்றிலேயே வைரஸ் தொற்றியிருக்க வேண்டும் என்பதுதான். எத்தனை சோதித்தாலும் வைரஸ் கிடைக்காது. அதே வீட்டில் அடுத்த குழந்தைக்கும் வரும். தொற்று அப்படி வராது. மரபு நோய்தான் அப்படி வரும் என்று அவர்கள் சரியாகச் சொன்னார்கள். 1988-ல் அந்தக் குழந்தைகளின் மூளைத்தண்டுவட நீரில் இன்டர்பெரான் மிகுந்திருப்பதைப் பியேர் லெபோன் காட்டினார்.

ஐகார்டி–கூத்தியேர் நோய் என்று இன்று அதை அழைக்கிறோம். 2006 முதல் அதற்குக் காரணமான மரபணுக்கள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. யானிக் க்ரோவின் குழு 2012-ல் அந்தப் பட்டியலில் சேர்த்தது ஏடார்1. இரண்டு ஆண்டுகளில் இன்னொரு பெயரும் சேர்ந்தது: எம்டிஏ5. இதில் பிறழ்வு தலைகீழானது. ஏடார்1 வேலை குறைந்து நோய் வருகிறது. எம்டிஏ5 அளவுக்கு மீறிக் கூர்மையாகி அதே நோய் வருகிறது. திருத்தம் குறைந்தாலும், திருத்திய பிறகும் ஏமாறும் அளவுக்கு உணரி மிகையாக உணர்ந்தாலும், முடிவு ஒன்றே. பாஸ்டனில் சன் ஹர் என்பவரின் ஆய்வுக்கூடம் 2018-ல் இதை நேரடியாகக் காட்டியது: பிறழ்ந்த எம்டிஏ5 பற்றிக்கொண்டிருந்தது நம் சொந்த அலு இரட்டை இழைகளைத்தான். சாதாரண எம்டிஏ5 அவற்றின்மேல் நீளமாக அடுக்கமுடியாது, ஏனென்றால் ஏடார்1 உண்டாக்கிய புடைப்புகள் குறுக்கே நிற்கின்றன.

2014-இலும் 2015-இலும் வந்த சுண்டெலிச் சோதனைகள் இந்த விளக்கத்துக்கு முத்திரை வைத்தன. எடின்பரோவில் மேரி ஓகானலின் குழு, உணரியிலிருந்து வரும் செய்தியைக் கடத்தும் புரதத்தையும் சேர்த்து நீக்கியபோது ஏடார்1 இல்லாத கருக்கள் பிறப்புவரை வந்தன. மெல்பர்னில் கார்ல் வாக்லியின் குழு இன்னும் நுட்பமாகச் செய்தது. ஏடார்1 புரதத்தை அப்படியே விட்டுவிட்டு, அதன் திருத்தும் திறனை மட்டும் ஓர் அமினோ அமில மாற்றத்தால் அணைத்தார்கள். கரு இறந்தது. கூடவே எம்டிஏ5-ஐயும் நீக்கினார்கள். சுண்டெலி பிறந்து, வளர்ந்து, முழு வயதை எட்டியது. ஏடார்1 செய்யும் கோடிக்கணக்கான திருத்தங்களில் உயிருக்கு இன்றியமையாத பயன், தன் ஆர்என்ஏவைத் தன்னுடையது என்று எம்டிஏ5-இடம் தெரியவைப்பதுதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நோய் எதிர்ப்பாற்றலைப் பற்றிப் பேசும்போது, தன்னையும் அந்நியத்தையும் பிரித்தறிதல் என்று சொல்லிச் சொல்லி அதை ஒரு பிறவி ஞானம்போல ஆக்கிவிட்டோம். அது பிறவி ஞானமாக இல்லை. ஒவ்வொரு செல்லும், தான் எழுதும் ஆர்என்ஏ ஒவ்வொன்றிலும், ஒவ்வொரு நிமிடமும் செய்து முடிக்கவேண்டிய வேலையாக இருக்கிறது.

ஏடார்1-இன் குறை எல்லாரிடமும் மூளையைத் தாக்குவதில்லை. ஜப்பானிலும் சீனாவிலும் நெடுங்காலமாக அறியப்பட்ட ஒரு தோல் நோய் உண்டு. புறங்கையிலும் புறங்காலிலும், கடுகளவும் மிளகளவுமாகக் கருத்த புள்ளிகளும் வெளுத்த புள்ளிகளும் கலந்து, வலைபோல் இரு பக்கமும் ஒரே சீராகப் படரும். முகத்தில் தேமல் போன்ற சிறு புள்ளிகள் இருக்கலாம். சிறு வயதில் தோன்றி வாழ்நாள் முழுதும் நிற்கும். வலி இல்லை, அரிப்பு இல்லை. 2003-ல் நகோயாவின் ஆய்வாளர்கள் அதற்குக் காரணம் ஏடார்1 என்று கண்டார்கள். மரபணுவின் இரு படிகளில் ஒன்று மட்டும் பழுதானவர்கள் அவர்கள். அந்தத் தோல் புள்ளிகளோடு கைகால் முறுக்கிக்கொள்ளும் கோளாறும் அறிவுச் சிதைவும் சேர்ந்த ஒரு ஜப்பானியக் குடும்பம் 2006-இலேயே மருத்துவ இதழில் பதிவாகியிருந்தது. மூளை நோய்க்கும் ஏடார்1-க்கும் உள்ள தொடர்பு உறுதியாக இன்னும் ஆறு ஆண்டுகள் ஆயின. ஒரு குடும்பத்தைப் பற்றிய எளிய மருத்துவக் குறிப்பு எவ்வளவு முன்கூட்டிப் பேசியிருக்கிறது பாருங்கள்.

ஏடார்1 இரண்டு உருவங்களில் இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். சிறிய உருவமான பி110 பெரும்பாலும் உட்கருவில் தங்கும். பெரியது பி150, இது உட்கருவுக்கு வெளியேயும் உலவும், இன்டர்பெரான் வந்தால் அளவில் பெருகும். அதாவது, இன்டர்பெரான் எழும்போதே அதை அடக்கவேண்டியதும் எழுகிறது. பி150-க்கு மட்டும் முன்னால் ஒரு கூடுதல் பகுதி உண்டு. இடப்பக்கமாக முறுக்கிய இசட் வடிவ இழைகளைப் பிடிப்பது அதன் வேலை. இசட் வடிவ டிஎன்ஏவை எம்ஐடியில் அலெக்சாண்டர் ரிச் 1979-ல் கண்டபோது, இது படிகத்தில் மட்டும் தோன்றும் விந்தை, உடலில் இதற்கு வேலை இல்லை என்று பலர் ஒதுக்கினார்கள். ரிச் விடவில்லை. அந்த வடிவத்தைப் பிடிக்கும் புரதத்தைத் தேடி, 1990-களில் ஏடார்1-ஐக் கண்டடைந்தார். ஐகார்டி–கூத்தியேர் குழந்தைகளில் ஏடார்1-இல் மிக அடிக்கடி காணப்படும் பிறழ்வு, 193-ஆவது இடத்தில் புரோலின் அலனினாக மாறுவது, சரியாக இந்த இசட் பகுதிக்குள் விழுகிறது. 2022-ல் பல குழுக்கள் இன்னொன்றையும் காட்டின: ஏடார்1 தவறினால், இசட் வடிவ ஆர்என்ஏவை இசட்பிபி1 என்ற மற்றோர் உணரி பற்றிக்கொண்டு செல்லைச் சாகடிக்கிறது. நாற்பது ஆண்டு பொறுமைக்குக் கிடைத்த விடை அது.

அரிய நோய் என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். ஸ்டான்ஃபோர்டில் ஜின் பில்லி லீயின் குழு அதே 2022-ல், சாதாரண மக்களின் மரபணு வேறுபாடுகளைக் கொண்டு ஆராய்ந்தது. இரட்டை இழைகளில் திருத்தத்தைச் சற்றே குறைக்கும் வேறுபாடுகள், தன்னுடலைத் தாக்கும் நோய்களுக்கும் அழற்சி நோய்களுக்குமான வாய்ப்பைக் கூட்டும் வேறுபாடுகளோடு ஒத்துப்போயின. குழந்தைகளிடம் பேரழிவாக வரும் அதே வழுவின் மெல்லிய நிழல் பலரிடம் இருக்கக்கூடும்.

இனிப் புற்றுநோய். ஏடார்1-இன் மரபணு முதல் குரோமோசோமின் நீண்ட கையில் இருக்கிறது. பல புற்றுகளில் அந்தப் பகுதி கூடுதல் படிகளாகப் பெருகியிருக்கும். கட்டிகளில் திருத்தத்தின் அளவு பக்கத்து நல்ல திசுவைவிட மிகுந்திருப்பதைப் பல ஆய்வுகள் 2015 முதல் சொல்லிவந்தன. இதைப் பார்த்துவிட்டு ஏடார்1-ஐப் புற்றுநோய்ப் புரதம் என்று எழுதியவர்கள் உண்டு. அந்தப் பெயரை நான் ஏற்பதில்லை. கட்டிக்குள் அது புதிதாக எதையும் செய்வதில்லை. எல்லாச் செல்லிலும் செய்யும் அதே வேலையைத்தான் செய்கிறது. தாறுமாறாகப் பெருகும் செல்லில், அடங்கிக் கிடந்த தொடர்களெல்லாம் ஆர்என்ஏவாக வெளிவருகின்றன. இரட்டை இழைகள் மிகுகின்றன. அந்தச் செல் இன்டர்பெரான் அபாயக்குரலின் விளிம்பிலேயே நிற்கிறது. குரல் எழாமல் வைத்திருப்பது ஏடார்1.

அதை எடுத்துவிட்டால்? பல புற்றுச் செல் வகைகளில், குறிப்பாக இன்டர்பெரான் மரபணுக்கள் ஏற்கெனவே ஓரளவு விழித்திருக்கும் வகைகளில், ஏடார்1-ஐ நீக்கினால் செல்கள் தாமாகவே சாகின்றன என்று 2018, 2019 ஆண்டுகளில் தெரிந்தது. பாஸ்டனில் நிக்கோலஸ் ஹெய்னிங்கின் குழு 2019-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நம்பிக்கை தருவது. புற்றுக்கு எதிரான டி செல்களின் தடையை நீக்கும் மருந்துகளுக்கு அசையாத கட்டிகள், ஏடார்1 நீங்கியதும் அந்த மருந்துகளுக்கு வழிவிட்டன. ஆகவே ஏடார்1-ஐத் தடுக்கும் மருந்துக்கான தேடல் இன்று மும்முரமாக நடக்கிறது. அந்தத் தேடலில் இருப்பவர்கள் மேசையில் ஐகார்டி–கூத்தியேர் குழந்தையின் மூளைப் படத்தையும் வைத்துக்கொண்டு வேலைசெய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கட்டியில் நாம் எழுப்ப நினைக்கும் அழற்சியும் அந்தக் குழந்தையை முடக்கிய அழற்சியும் ஒன்றேதான். மருந்தின் அளவும், அது போய்ச் சேரும் இடமும்தான் இரண்டையும் பிரிக்கும்.

அந்நிய ஆர்என்ஏவோ என்ற செல்லின் ஐயப்பாட்டை மருத்துவம் ஒருமுறை வென்றிருக்கிறது என்பதை நாம் எல்லாரும் கண்டோம். வெளியிலிருந்து செலுத்தும் ஆர்என்ஏவைச் செல் அந்நியம் என்று எதிர்க்கும். அதன் யுரிடினைச் சூடோயுரிடினாக மாற்றிவைத்தால் எதிர்ப்பு தணியும் என்று காதலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2005-ல் கண்டார்கள். கோவிட் காலத்து எம்ஆர்என்ஏ தடுப்பூசிகள் அந்த வழியில் வந்தவை. 2023-ல் இருவருக்கும் நோபல் பரிசு. உணரிகளும் எழுத்தும் வேறு. ஓர் எழுத்தை மாற்றித் தன்னுடையதாகக் காட்டும் கொள்கை ஒன்றே.

இப்போது ஏடாரையே மருந்தாக வேலைக்கு வைத்திருக்கிறார்கள். ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்பது ஈரல் செய்து இரத்தத்தில் விடும் ஒரு புரதம், நுரையீரலைக் காக்கிறது. அதன் மரபணுவில் ஒரு குவானைன் அடினைனாக மாறிவிட்டால், 342-ஆவது அமினோ அமிலம் மாறி, புரதம் மடிப்புக் கெட்டு ஈரலிலேயே தேங்கிப்போகும். நுரையீரல் காவலின்றி அரிக்கப்படும்; ஈரல் தேக்கத்தால் கெடும். பிறழ்வு குவானைனிலிருந்து அடினைனுக்கு. ஏடார் அடினோசினைக் குவானோசினாகப் படிக்கவைக்கிறது. பொருத்தம் இதைவிடச் சரியாக அமையாது. அந்த இடத்தில் போய் ஒட்டும் ஒரு சிறிய ஆர்என்ஏ போன்ற துண்டை ஊசியாகப் போட்டால் அங்கே ஒரு குட்டி இரட்டை இழை உருவாகும். செல்லில் ஏற்கெனவே இருக்கும் ஏடார் அங்கே வந்து அந்த அடினோசினைத் திருத்தும். டோர்ஸ்டன் ஷ்டாஃபோர்ஸ்டும் ஜோஷுவா ரோசென்தாலும் பத்தாண்டுகளுக்கு மேல் முன்னெடுத்த எண்ணம் இது. 2024 அக்டோபரில் வேவ் லைஃப் சயன்சஸ் நிறுவனம், இரண்டு நோயாளிகளுக்கு ஒரே ஒரு முறை மருந்து கொடுத்த பிறகு அவர்கள் இரத்தத்தில் திருத்தப்பட்ட நல்ல புரதம் தென்பட்டதாக அறிவித்தது. மனிதரில் இப்படி ஆர்என்ஏ திருத்தப்பட்டது அதுவே முதல்முறை. டிஎன்ஏ தொடப்படவில்லை, மருந்தை நிறுத்தினால் விளைவும் மெல்ல மறையும். அதனாலேயே இதில் எனக்கு நம்பிக்கை அதிகம். தவறு நேர்ந்தால் திரும்பிவர வழி இருக்கிறது.

முடிக்கும்முன், இந்த அவையில் இருக்கும் குழந்தை மருத்துவர்களிடமும் நரம்பியல் மருத்துவர்களிடமும் சில செய்திகளைச் சொல்லவேண்டும். ஏடார்1 குறைபாட்டில் ஒரு தனி வகை உண்டு. அதுவரை நன்றாக ஓடியாடிய குழந்தை, ஒரு சாதாரணக் காய்ச்சலுக்குப் பிறகு சில நாள்களில் நடை தளர்ந்து, கைகால் முறுக்கிக்கொண்டு, பேச்சிழந்து வரும். எம்ஆர்ஐயில் மூளையின் ஆழத்தில் இரு பக்கமும் ஒரே மாதிரி சேதம் தெரியும். மூளைக்காய்ச்சல் என்று மருத்துவம் நடக்கும். பிறகு மூளை முடக்கம் என்று சான்றிதழ் எழுதப்படும். அந்த இடத்தில் நின்றுவிடக் கூடாது. சுண்ணாம்புப் படிவு எம்ஆர்ஐயில் தப்பிவிடும்; சிடி ஸ்கேனில் தெரியும். புறங்கையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், பெற்றோரின் புறங்கைகளையும்தான். இன்டர்பெரானால் தூண்டப்படும் மரபணுக்களை இரத்தத்தில் அளக்கும் பரிசோதனை இருக்கிறது. ஏடார்1 நோயாளிகளில் அது தொடர்ந்து உயர்ந்தே நிற்கும்.

தமிழ்நாட்டில் இது கூடுதல் கவனத்துக்குரியது. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று உறவுக்குள் திருமணம் செய்துகொள்வோர் இங்கே நான்கில் ஒரு பங்குக்குக் குறையாது. இரு படியும் பழுதானால் மட்டும் வரும் நோய்கள் அத்தகைய குடும்பங்களில் தலைகாட்டும் வாய்ப்பு அதிகம். ஐகார்டி–கூத்தியேர் நோயின் பெரும்பாலான வகைகள் அப்படிப்பட்டவைதான். தாயைக் குறைசொல்லும் வழக்கமுள்ள வீடுகளில், மரபணு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இருவரிடமிருந்தும் ஒவ்வொரு படி வந்தது என்று மருத்துவர் வாய்விட்டுச் சொல்வது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் பெரிய உதவி.

சிகிச்சை என்று சொல்லத்தக்க ஒன்றும் இப்போது கைக்கு வந்திருக்கிறது. இன்டர்பெரானின் செய்தி செல்லுக்குள் போகும் பாதையை அடைக்கும் பாரிசிட்டினிப் என்ற மாத்திரை, மூட்டுவாதத்துக்கென்று வந்தது. அதை ஐகார்டி–கூத்தியேர் நோயுள்ள 35 பேருக்குக் கொடுத்துப் பார்த்த விவரத்தைப் பிலடெல்ஃபியாவில் அடெலின் வாண்டர்வரின் குழு 2020-ல் வெளியிட்டது. பலர் புதிய திறன்களைப் பெற்றார்கள்: சிரிப்பது, தலை நிற்பது, உருள்வது. இரத்தத்தட்டுகள் குறைவது, தொற்று போன்ற பக்கவிளைவுகளைக் கண்காணித்தாக வேண்டும். இழந்த மூளைத் திசுவை அது திருப்பித் தராது. ஆகவே எவ்வளவு சீக்கிரம் நோயைப் பெயர்சொல்லி அடையாளம் காண்கிறோமோ அவ்வளவுக்குப் பயன். இரு பெற்றோரும் ஒவ்வொரு பழுதான படியைச் சுமந்திருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு என்பதையும், பிறழ்வு எதுவென்று தெரிந்துவிட்டால் அடுத்த கர்ப்பத்தின் தொடக்க மாதங்களிலேயே சோதித்துக்கொள்ளலாம் என்பதையும் அந்தக் குடும்பத்துக்கு அன்றைக்கே சொல்லியனுப்ப வேண்டும். பிறழ்வு குழந்தையிடம் மட்டும் புதிதாகத் தோன்றியதாக இருந்தால், அடுத்த குழந்தைக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு என்பதையும்.